பெரோஸ்-கிரெக்கில் முறைத் தண்ணி

பிரான்சிலிருந்து திரும்பிய நாள் முதல் எல்லோரும் ஈபிள் கோபுரத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதை மெட்ரோ ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நான் பார்க்கப் போனது பெரோஸ்-கிரெக். பிரித்தானியின் வடகரையில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊர். அங்கே என்ன விசேஷம் என்று கேட்பவர்களிடம் “ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்” என்றால் சிரிக்கிறார்கள். அந்த எக்ஸ்சேஞ்சும் இப்போது இல்லை என்றால் சிரிப்பை நிறுத்திவிட்டு என் மனைவியைப் பார்க்கிறார்கள்.

கதை பழையது. 1980களின் கடைசியில் இ-10பி என்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வேலைக்காகப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதுவரை என் கைக்குப் பழகியது ஸ்ட்ரோஜர். யாராவது டயலைச் சுழற்றினால் ரேக்கில் செலக்டர் கடகடவென்று ஏறும், பக்கவாட்டில் திரும்பும், சரியான முனையில் போய் உட்காரும். ஊர் எவ்வளவு பேசுகிறது என்பதைக் காதாலேயே சொல்லிவிடலாம். முகூர்த்த நாள் காலையில் ஹாலுக்குள் ஆலங்கட்டி மழைதான். புதிய மெஷினோ மூச்சுவிடாது. ஏசி சத்தம் மட்டும்தான். முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் ஊர்ப் பெயரை எழுதி, “பெர்ரோஸ் குயிரெக்” என்று கூட்டிப் படித்தார். “நம்ம மெஷின் பண்றது மான்காபூர் ஐ.டி.ஐ. ஃபேக்டரியில. டெக்னாலஜி குடுத்தது சி.ஐ.டி. அல்காடெல். ஆனா இதோட தாத்தா பொறந்தது இந்த ஊர்ல, 1970 ஜனவரியில” என்றார். அந்த உச்சரிப்பு தவறு என்று எனக்குத் தெரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஊர்க்காரர்கள் ‘கிரெக்’ என்றுதான் சொல்கிறார்கள்.

மகள் பாரிசின் புறநகரில் இருக்கிறாள். “அப்பா, லூவ்ரே, வெர்சாய், எங்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். மொபைலில் தேடினாள். “பீச் நல்லா இருக்கும் போல” என்று சமாதானம் ஆனாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பாரிசிலேயே ஒரு வேலை இருந்தது. ஆர்-ஏ-மெத்தியே மெட்ரோ நிலையத்தில் 11ஆம் லைன் பிளாட்பாரம் முழுவதும் தாமிரத் தகடு போர்த்தியிருக்கிறது. சுவர், வளைவு எல்லாமே தாமிரம். நடுநடுவே கப்பல் ஜன்னல் போல வட்டக் கண்ணாடிகள், கூரையில் பல்சக்கரங்கள். மேலே இருக்கும் தொழில்நுட்பக் காப்பகத்தின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, 1994இல், பெல்ஜியத்துச் சித்திரக்கதை ஓவியர் பிரான்சுவா ஷூய்ட்டன் வடிவமைத்தது. தாமிரக் கம்பி திருட்டுப் போய் இரவு இரண்டு மணிக்கு லைன்மேனோடு டார்ச் அடித்துக்கொண்டு அலைந்தவன் நான். இத்தனை தாமிரம் பூட்டில்லாமல் பளபளப்பதைப் பார்த்தபோது கை பரபரத்தது.

மேலே ஒரு பழைய மடாலயத்துக்குள் மியூசியம். கூட்டமெல்லாம் ஃபூக்கோவின் ஊசலுக்கும் விமானத்துக்கும் போகிறது. தந்திப் பகுதியில் நானும் மகளும் ஒரு தூங்கும் காவலரும்தான். எமில் போதோவின் கருவி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பித்தளையும் கருமரமும். பியானோ கட்டையில் ஐந்தை மட்டும் வெட்டி எடுத்தது போல ஒரு விசைப்பலகை. இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. ஐந்து விசையை அழுத்தியும் அழுத்தாமலும் 32 விதமாகச் சேர்க்கலாம். எழுத்துக்கு அது போதும். எண்களுக்கு ஒரு மாற்றுக் குறி வைத்து அதே 32ஐ இன்னொரு தரம் பயன்படுத்திக்கொண்டார். மோர்ஸ் குறியீட்டில் ஓர் எழுத்து குட்டை, இன்னொன்று நெட்டை. போதோவிடம் எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஐந்து துடிப்பு. அளவு ஒன்றாக இருந்தால்தான் வரிசையில் நிறுத்த முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது விசைப்பலகையை அல்ல, பக்கத்திலிருந்த வட்டத்தை. உள்ளங்கையை விரித்த அளவுக்கு ஒரு வளையம், அதில் ஒன்றையொன்று தொடாத தாமிரத் துண்டுகள். மேலே கடிகார முள் போலச் சுற்றும் ஒரு தூரிகை. நான்கு பேர் ஒரே கம்பியில் தந்தி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளின் ஐந்து விசைக்கு ஐந்து துண்டு, அடுத்த ஆளுக்கு அடுத்த ஐந்து, இப்படி இருபது. இரண்டு முனையும் சேர்ந்து ஓடுவதற்கென்று இன்னும் சில. தூரிகை ஒரு சுற்றுச் சுற்றும்போது நான்கு பேரின் நான்கு எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்குள் இறங்கிவிடும். நொடிக்கு மூன்று சுற்று. அந்தப் பக்கத்தில் இதே போல இன்னொரு வட்டம், இன்னொரு தூரிகை, அதே வேகம். 1874இல் காப்புரிமை. 1877இல் பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடையே சேவையில் இறங்கியது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. விவசாயி மகன், படித்தது ஆரம்பப் பள்ளி.

இதில் மனிதர்கள் பட்ட பாடுதான் எனக்குப் பிடித்த இடம். அடிப்பவருக்கு இஷ்டப்பட்ட வேகத்தில் அடிக்க முடியாது. தூரிகை அவருடைய பங்குக்கு வருகிற நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த டக்கில் விரல் அழுந்தியிருக்க வேண்டும். முந்தினால் பயனில்லை, பிந்தினால் எழுத்து போயிற்று. நொடிக்கு மூன்று டக். முழு ஷிஃப்ட்டும் அந்தத் தாளத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கொன்னக்கோல் சொல்லிப் பழகியவர்களை வேலைக்கு எடுத்திருந்தால் பயிற்சிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

“நாலு பேருக்கு ஒரு கம்பி. சரி, அதுக்கு எதுக்கு இவ்ளோ ஆச்சரியம்?” என்றாள் மகள்.

அவள் எங்கள் ஊர் மானாமதுரைக்கு லீவுக்கு மட்டும் வந்துபோன பிள்ளை, முறைத் தண்ணி பார்த்ததில்லை. எங்கள் கண்மாயில் தண்ணீர் குறைந்துவிட்டால், எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் வாய்க்காலைத் திறந்துவிட மாட்டார்கள். திறந்தால் யார் வயலுக்கும் போய்ச் சேராது, வாய்க்காலே குடித்துவிடும். அதனால் முறை. உனக்கு இத்தனை நாழி, அப்புறம் அவனுக்கு. உன் முறையில் முழு வாய்க்காலும் உனக்கு. நீர்பாய்ச்சி மண்வெட்டியால் ஒரு கொத்து வெட்டி அங்கே அடைப்பார், இங்கே திறப்பார். தந்தியிலும் டெலிபோனிலும் இதற்கு முன்னும் பின்னும் வேறு வழிகள் வந்தன. அலைவரிசையைக் கூறுபோட்டு ஆளுக்கொரு கூறு கொடுப்பது அதில் ஒன்று. அது வாய்க்காலுக்குள் வரப்பு கட்டி நாலு குட்டி வாய்க்கால் ஆக்குகிற வேலை. எங்கள் டெலிபோன் இலாகாவும் அதை வைத்து வெகுகாலம் டிரங்க் கால் ஓட்டியது. போதோ வாய்க்காலைப் பிரிக்கவில்லை. பொழுதைப் பிரித்தார்.

“அப்போ எல்லாம் அந்த நீர்பாய்ச்சி கையிலதான் இருக்கு” என்றாள். பொறியியல் படிக்காதவள். என் வகுப்பில் பலருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் இது பிடிபட்டது.

போதோவின் கதையில் ஒரு ரத்தக்கறையும் உண்டு. லூயி விக்தோர் மிமோல் என்ற தந்தி ஊழியர் கிட்டத்தட்ட அதே காலத்தில் ஐந்து துடிப்பு யோசனையோடு வந்தவர். போதோ தன்னுடையதைத் திருடிவிட்டார் என்று வருடக்கணக்காக வழக்காடினார். தோற்றார். 1888இல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவர் சுட்டது போதோவை அல்ல, தந்தி உயர்கல்விப் பள்ளியின் இயக்குநர் ஜூல் ரேனோவை. ரேனோ இறந்துவிட்டார். முறை தனக்கு வரவில்லை என்று வரப்பில் வெட்டிக்கொண்ட கதைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அதனால் எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. போதோ 1903இல் பாரிசை அடுத்த சோவில் இறந்தார். ‘பாட்’ என்று மோடம் பெட்டிகளில் எழுதியிருந்ததே, அது இவருடைய பெயரின் முன்பாதி.

மறுநாள் காலை மோன்பர்னாஸ் நிலையம். லா ஷாப்பெல்லில் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் முந்தின இரவு வாங்கிய இடியாப்பமும் சம்பலும் பையில். மேற்கே ரயில் ஓட ஓட வயல்கள் சிறுத்துக்கொண்டே வந்து, நடுவில் புதர்வேலி கட்டிய துண்டு நிலங்களாயின. மகள் தூங்கிவிட்டாள். எனக்கு அலெக் ரீவ்ஸ் ஞாபகம்.

ரீவ்ஸ் ஆங்கிலேயர். ஆனால் பேச்சையே எண்ணாக்கி அனுப்பலாம் என்ற யோசனை அவருக்கு 1937இல் பாரிசில், ஐ.டி.டி. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது வந்தது. அவர் கண்ட வழி இது: ஒருவர் பேசும்போது கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை நொடிக்கு 8,000 தடவை அளந்து பார். ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுது. அந்த எண்களை மட்டும் அனுப்பு. இரைச்சல் நடுவழியில் எவ்வளவு சேர்ந்தாலும் பரவாயில்லை. வருவது ஒன்றா பூஜ்யமா என்று தெரிந்தால் போதும், புதிதாக எழுதி அனுப்பிவிடலாம். பழைய முறையில் நடுவழியில் வைத்த ஆம்ப்ளிஃபையர் பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கித் தரும். அடைமழையில் மேன்ஹோல் நிரம்பிய நாட்களில் மெட்ராஸ்காரர்கள் டெலிபோனில் கத்தினார்களே, அதற்குப் பாதிக் காரணம் அது. ரீவ்ஸின் யோசனை பிரமாதம், ஆனால் அதற்கு வேண்டிய அளவு வால்வுகளைப் போட்டால் அலமாரி அலமாரியாக நிற்கும். 1940இல் ஜெர்மானியர்கள் வர, அவர் பாரிசை விட்டே கிளம்பிவிட்டார். டிரான்சிஸ்டர் வந்து, 1962இல் அமெரிக்காவில் பெல் நிறுவனம்தான் அதை முதலில் தெருவில் இறக்கியது. 24 பேச்சுக்கு ஒரு லைன்.

ஐரோப்பாவும் நாமும் எடுத்துக்கொண்டது 30 பேச்சு. பி.சி.எம். என்போம். நொடிக்கு 8,000 தடவை என்றால் ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையே 125 மைக்ரோ நொடி. அந்த 125ஐ 32 பங்கு போடுவது. ஒரு பங்கு கிட்டத்தட்ட 3.9 மைக்ரோ நொடி, அதற்குள் எட்டு பிட். எல்லாம் சேர்ந்து நொடிக்கு 20,48,000 பிட். போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி. எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே முப்பது பேச்சுக்கு முப்பது ஜோடி இழுத்த இடத்தில் இரண்டு ஜோடி. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேன்ஹோல், அதில் ஒரு ரிப்பீட்டர். தேய்ந்து வரும் துடிப்பை வாங்கிப் புதிதாக அடித்துவிடும்.

32 பங்கில் முப்பதுதானே பேச்சுக்கு, மீதி இரண்டு? பதினாறாம் பங்கு யார் யாரைக் கூப்பிடுகிறார், யார் வைத்துவிட்டார் என்ற சமாசாரத்துக்கு. பூஜ்யமாம் பங்கு எதற்கும் இல்லை. 0011011 என்ற ஒரே பாட்டை ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் பாடிக்கொண்டே இருக்கும். இடைப்பட்ட சுற்றில் அலாரம் மாதிரியான சில்லறை. இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அந்த முனை, “சரி, சுற்று இங்கே ஆரம்பிக்கிறது, இதற்கடுத்தது ஒன்று, அடுத்தது இரண்டு” என்று எண்ணத் தொடங்கும். அந்த ஏழு பிட்டைத் தொலைத்தால் முப்பது பேச்சும் போயிற்று. பிட்டுகள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கும், எது யாருடையது என்றுதான் தெரியாது. போதோவின் ‘டக்’ இதற்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் மியூசியத்தில் கண்ணாடிமேல் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

இன்னொரு வேடிக்கை. லைனில் தொடர்ந்து பூஜ்யமே வந்தால் ரிப்பீட்டருக்குத் தாளம் மறந்துவிடும். அதனால் நான்கு பூஜ்யம் சேர்ந்தாற்போல் வந்தால், விதியை மீறிய ஒரு துடிப்பை வேண்டுமென்றே நுழைப்பார்கள். வாங்குகிறவர் அதை அடையாளம் கண்டு கழித்துவிடுவார். கச்சேரியில் பாடகர் நிறுத்தும்போதும் கை தொடையில் தட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி.

ப்ளுவாரே நிலையத்தில் இறங்கி லானியோனுக்கு வண்டி மாறினோம். இங்கேயிருந்து ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி வந்தால்தான் எங்கள் வண்டி கிளம்பும் என்றார்கள். மகள் அலுத்துக்கொண்டாள். எனக்குச் சின்ன வயதில் மானாமதுரைப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது. ஓடுகிற எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொள்ளும். வளையம் யாரிடமோ, தண்டவாளம் அவருக்கு.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டே, இத்தனை வருடம் வீட்டில் சொல்லாத ஒன்றை மகளிடம் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சின் பொறுப்பில் இருந்தேன். ஊர் வேண்டாம். அங்கே ஒரு தோல் ஏற்றுமதிக்காரர், தினமும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஃபாக்ஸ் அனுப்புகிறவர், வந்து நின்றார். கையில் ஒரு கத்தைத் தாள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுநடுவே வரிகள் சிதைந்து, எழுத்துகள் சீப்பால் வாரியது போல் இழுபட்டிருந்தன. சில பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. “சார், போன்ல பேசினா கண்ணாடி மாதிரி கேக்குது. ஃபாக்ஸ் மட்டும் கிழியுது” என்றார். நான் அவருடைய ஃபாக்ஸ் மெஷின்மேல் பழியைப் போட்டேன். அவர் புது மெஷின் வாங்கினார். அதுவும் கிழிந்தது. ஜாயிண்டரை அனுப்பிக் கேபிளைச் சோதித்தேன், ஜோடி மாற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம்.

குற்றவாளி நான்தான். ஒவ்வொரு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சிலும் ஒரு க்ளாக் உண்டு. அது தன்னிஷ்டத்துக்கு ஓடக் கூடாது. மேலே இருக்கும் பெரிய எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிற துடிப்பைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓட வேண்டும். ஏதோ பராமரிப்பு வேலைக்காக அந்தப் பிடியை எடுத்துவிட்டு, எங்கள் க்ளாக்கைத் தனியாக ஓடவிட்டிருக்கிறேன். திரும்பப் பூட்ட மறந்துவிட்டேன். அலாரம் விளக்கு எரிந்தது, சின்ன அலாரம்தான். எப்போதும் எரிகிற நாலைந்து விளக்குகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

இரண்டு க்ளாக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசப்பட்டால் என்ன ஆகும் என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 125 நொடிக்கு ஒரு தரம் ஒரு முழுச் சுற்று மிஞ்சும், அல்லது குறையும். மிஞ்சினால் தூக்கி எறிய வேண்டும், குறைந்தால் பழையதையே இன்னொரு தரம் போட வேண்டும். ‘ஸ்லிப்’ என்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, 125 மைக்ரோ நொடி காணாமல் போகும். பேசுகிறவர் காதுக்கு ஒரு ‘டிக்’, அதுவும் மௌனத்தில் விழுந்தால் அதுகூட இல்லை. ஃபாக்ஸுக்கு அது பள்ளம். வண்டி குடை சாய்ந்துவிடும். சாவியைத் திருப்பிப் போட அரை நிமிடம் ஆயிற்று. அந்த மனிதரிடம் “லைன் சரி பண்ணியாச்சு” என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் லட்டுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

“வாங்கிக்கிட்டீங்களா?” என்றாள் மகள்.

வாங்கிக்கொண்டேன்.

லானியோன் லெகே ஆற்றங்கரையில் மரச்சட்டம் போட்ட வீடுகளோடு அழகாக இருக்கிறது. பிரெலெவெனே தேவாலயத்துக்கு நூற்று நாற்பது படி. மூட்டு அனுமதிக்காததால் அதைக் கீழிருந்தே கும்பிட்டேன். இந்த ஊருக்கு டெலிபோன் வந்து குவிந்ததற்குக் காரணம் ஓர் ஆள், பியேர் மர்ஸான். பிரெஞ்சுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தின் தலைவர், இந்த மண்ணுக்காரர், பிற்பாடு இதே ஊருக்கு மேயர். பாரிசில் குவிந்து கிடந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதியை 1960களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து இறக்கினார். பக்கத்திலேயே ப்ளமேர்-போதுவில், 1962 ஜூலையில், டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவிலிருந்து முதல் தொலைக்காட்சிப் படத்தைப் பிடித்த ராட்சத ஆண்டெனா இருக்கிறது. வயல் நடுவில் அறுபது மீட்டருக்கு மேல் அகலமான வெள்ளைப் பலூன், உள்ளே 340 டன் இரும்புக் கொம்பு. பலூன் காற்றழுத்தத்தில்தான் நிற்கிறது. போய்ப் பார்த்தோம். பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் டெல்ஸ்டார் அனலாக். அரை நாளில் கிளம்பிவிட்டேன்.

மர்ஸான் கொண்டுவந்த பொறியாளர்கள், லூயி-ஜோசப் லிபுவா வழிகாட்ட, செய்தது வேறு காரியம். அதுவரை எல்லோரும் லைனை மட்டும் டிஜிட்டல் ஆக்கினார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு வந்ததும் முப்பது பேச்சையும் பிரித்து, பழையபடி கம்பியில் ஓடும் பேச்சாக்கி, கிராஸ்பார் சுவிட்சில் இணைத்து, மறுபடி எண்ணாக்கி அனுப்புவது. ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் வண்டியைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி. லானியோன்காரர்கள் கேட்டது: ஏன் பிரிக்க வேண்டும்? ஐந்தாம் பங்கில் வரும் எட்டு பிட்டை ஒரு நினைவகத்தில் எழுதி வை. போக வேண்டிய லைனின் பதினேழாம் பங்கு வரும்போது அதை எடுத்து விடு. கம்பியைக் கம்பியோடு சேர்க்கிற வேலையே இல்லை. கொஞ்ச நேரம் தாமதிப்பதுதான் இணைப்பு. அதற்கு ‘பிளாட்டோன்’ என்று பெயர் வைத்தார்கள். நீளமான பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகள்; அது தத்துவஞானி பிளேட்டோவின் பெயராகவும் அமைந்துவிட்டது. லண்டன்காரர்கள் 1968இலேயே எம்பிரஸ் எக்ஸ்சேஞ்சில் இப்படி இணைத்தோம் என்று சண்டைக்கு வருவார்கள். அது எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே நின்ற எக்ஸ்சேஞ்ச். வீட்டு போன்களையே இந்த முறையில் இணைத்துப் பொதுச் சேவைக்கு விட்டது பெரோஸ்-கிரெக்தான். என் பயிற்சி வகுப்பு ஆசிரியர் பக்கமே நான்.

பஸ் ஊருக்குள் இறங்கும்போது கடல் ஒரேயடியாகத் தெரிந்தது. பாறைகள் இளஞ்சிவப்பு. யாரோ பெரிய பெரிய உருளைக்கிழங்குகளை அவித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல. தேவாலயமும் அதே கல். த்ரெஸ்த்ரவூ மணலில் குழந்தைகள் அந்தக் குளிரிலும் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றுலா அலுவலகத்தில் மகள் என் சார்பில் கேட்டாள்: 1970இல் வந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எங்கே இருந்தது? அந்தப் பெண் யோசித்தார். உள்ளே போய் யாரையோ கேட்டார். திரும்பி வந்து, ஏழு தீவுகளுக்குப் போகும் படகின் நேர அட்டவணையைக் கொடுத்தார். கோமாளி மூக்கோடு ஒரு பறவை உண்டாம், பார்க்க வேண்டுமாம்.

அலுவலகப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் 1970இல் பிறந்திருக்கவே மாட்டார். இரண்டு மணி நேரம் தெருத் தெருவாக நடந்தேன். நினைவுக்கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஜன்னல் குறைவான, அரசாங்கக் களையுள்ள கட்டிடம் ஒன்றைப் பார்த்து இதுவாக இருக்கலாம் என்று நின்றேன். மகள் படம் எடுத்தாள். பிறகு பார்த்தால் அது பல் மருத்துவமனை.

மேட்டுத் தெருவிலிருந்து இறங்கும்போது ஒரு வேன் நின்றிருந்தது. நடைபாதையோரத்தில் இடுப்பளவு பெட்டியைத் திறந்துவைத்து, முழங்காலுக்கு ரப்பர் பட்டை கட்டிய ஓர் இளைஞன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் மஞ்சள் இழைகள் சேமியா மாதிரி சிக்கிக் கிடந்தன. ஃபைபர். பிரான்சு முழுவதும் தாமிரத்தைக் கழற்றிவருகிறார்கள், 2030க்குள் முடித்துவிடுவதாகத் திட்டம். எங்கே திறந்த பெட்டியைக் கண்டாலும் எட்டிப் பார்ப்பது எங்கள் இனத்தின் வியாதி. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அவன் நிமிர்ந்து “போன்ஷூர்” சொல்லிவிட்டான்.

“இவர் டெலிபோன்ல வேலை பார்த்தவர்” என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவன் சிரித்து இடம் விட்டான். ஒரு ஃபைபருக்கு எத்தனை வீடு என்று கேட்கச் சொன்னேன். அறுபத்து நான்கு வரை போகும் என்றான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது எல்லா வீட்டுக்கும் ஒரேயடியாகப் போகும், அவரவர் பங்கை அவரவர் பெட்டி எடுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்து திரும்பிப் போவதுதான் சங்கடம். அறுபத்து நான்கு பேரும் சேர்ந்து ஒளி வீசினால் ஒன்றும் புரியாது. அதனால் முறை. யார் எப்போது, எவ்வளவு நேரம் என்று எக்ஸ்சேஞ்ச் சொல்லும். பக்கத்து வீடு முந்நூறு மீட்டரில், அடுத்தது ஐந்து கிலோமீட்டரில். ஒளி போய்வர ஆகும் நேரம் வேறு வேறு. புதுப் பெட்டி ஒன்றை மாட்டினால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்ச் முதலில் அளந்துகொள்ளும். அதற்கேற்ப, “நீ இவ்வளவு தாமதித்துப் பேசு” என்று சொல்லும். இந்த முறைக்கும் ஒரு சுற்று உண்டு. அதன் நீளம் 125 மைக்ரோ நொடி. ஃபைபர், லேசர், நொடிக்கு கோடிக்கணக்கான பிட், எல்லாம் மாறிவிட்டது. ரீவ்ஸ் காலத்துப் பேச்சுக்கு வெட்டிய அந்தத் துண்டு மட்டும் மாறவில்லை.

அந்த 125 என்ற எண் தெரியுமா என்று அவனிடம் கேட்டேன். மகள் இரண்டு தரம் மொழிபெயர்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். அவனுக்கு அது தேவையில்லை. நியாயம்தான்.

ஓர் இழையின் முனையைப் பேனா போன்ற துடைப்பானில் ஒரு திருகு திருகித் துடைத்தான். பச்சைத் தொப்பியைக் கழற்றி, சொருகி, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்தினான். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். எதிர் வீட்டு மாடி ஜன்னல் திறந்து ஒரு வயதான அம்மாள் தலையை நீட்டினார். கையில் வெள்ளைப் பெட்டி, வயரோடு. அதில் ஒரு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. தூரத்தை அளக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நொடி இருக்கும். சிமிட்டல் நின்று விளக்கு ஒரே பச்சையாக எரிந்தது. அம்மாள் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.